அறைத்தோழி ஒருத்திக்கு உதவி வேணும்: ஏசாமல், ஊருக்குத் தெரியாமல்

பாலைப்பழம் எழுதியது:

வணக்கம். நான் வன்னிக்குள்ள இருக்கிற கம்பஸ் ஒண்டில மூண்டாம் வருசம். பம்பைமடுவா அறிவியல் நகரா எண்டு கேக்காதேங்கோ, சொல்லமாட்டன். இது என்ர பிரச்சினை இல்லை, என்ர அறைத்தோழியின்ர. "தன்ர கதையைத்தான் தோழியின்ர பேரில எழுதுறாள்" எண்டு நினைக்கிறவை நினைச்சுக்கொண்டே பதில் போடுங்கோ. பதில் சரியா வந்தால் எனக்குக் காணும்.

முதல் வருசத்தில இருந்து நாங்கள் ஒரே போர்டிங், ஒரே அறை. அவளுக்கு 23 வயசு. சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம். 2009இல அவளின்ர அப்பா ஆமியிட்டைச் சரணடையப் போனவர், இன்னும் வரேல்ல. அம்மா காணாமல் போனவையின்ர போராட்டக் கொட்டிலுக்குப் போய் வாறவ. அவள் கெட்டிக்காரி. முதல் ரெண்டு வருசமும் அவளின்ர நோட்ஸைப் பார்த்துத்தான் நான் பாஸ் பண்ணினனான்.

போன வருசக் கடைசியில அவளின்ர காதல் முறிஞ்சு போச்சு. ஏ.எல் படிக்கேக்கத் துவங்கினது. பெடியன் கனடா போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில "வீட்டில ஓம் சொல்லமாட்டினம், என்னை மறந்திடு" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ். பிறகு புளொக். அழுதாள், நல்லா அழுதாள். அழுகிற வரைக்கும் எனக்குப் பயம் இருக்கேல்ல. அழுகை நிண்டாப் பிறகுதான் பயம் பிடிச்சது. கொத்துப் பார்சல் வாங்கிக் குடுத்தால் அப்பிடியே கிடந்து எறும்பு மொய்க்கும். லெக்சருக்குப் போறேல்ல, 80 வீத வரவு இல்லாமல் சோதனை எழுத விடமாட்டினம் எண்டு சொன்னால் "ம்" எண்டுவாள். விடிய விடிய ஃபோன்.

பிறகு வெளியில போகத் துவங்கினாள். ஃபேஸ்புக்கில, ரெலிகிராமில பழக்கமானவை. ஒரே ஆளும் இல்லை. சில நாள் அடுத்த நாள் காலமைதான் வருவாள், பியர் மணக்கும். அவள் சந்தோசத்துக்குப் போறாள் எண்டால் நான் இதை எழுதியே இருக்கமாட்டன், அது அவளின்ர விருப்பம். ஆனால் வந்து குளிச்சிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுவாள். ஒருநாள் கேட்டன், "பாதுகாப்பா இருந்தனியாடி?" எண்டு. "என்ன வந்தால் என்ன, நாப்பது வயசு வரைக்கும் இருக்கப் போறனே" எண்டாள். எச்.ஐ.வி, கர்ப்பம் எண்டு நெற்றில வாசிச்சதை எல்லாம் சொன்னன். பயம் காட்டினால் திருந்துவாள் எண்டு நினைச்சுச் சொன்னது. அவளுக்கு அது ஒண்டுமே ஏறேல்ல. வருத்தம் வந்தாலும் சரிதான் எண்ட மாதிரி இருந்தாள்.

ஒருக்கா அவளுக்காக ரவுணில ஒரு பாமசியில போஸ்ரினோர் எண்ட அவசரக் கர்ப்பத்தடைக் குளுசை கேட்டன். கவுண்டரில நிண்டவர் பத்துப் பேருக்கு முன்னால "தங்கச்சி கலியாணம் கட்டியாச்சோ?" எண்டு கேட்டார். குளுசையைத் தந்தார்தான், ஆனால் இனி எந்தப் பாமசிக்குள்ளயும் போக எனக்குக் கால் வராது.

வன்னியில ஆருக்கும் ஆரையும் தெரியாமல் இல்லை. எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபீசில ஒரு மிஸ் எங்கட பக்கத்து வளவு. ஆஸ்பத்திரியில துண்டு எழுதிறவர் ஒருத்தியின்ர மாமா. அவள் எங்கயாவது போய் ரெஸ்ற் செய்தால் அண்டைக்குப் பின்னேரமே கதை விசுவமடு தாண்டிடும். ஆரிட்டைப் போறது? முதலில மனசைப் பார்க்கிறதா, உடம்பைப் பார்க்கிறதா? ஏசாமல் எப்பிடிக் கதை துவங்கிறது? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.


செட்டிகுளத்தான்:

தாய் றோட்டில இருந்து அழுகுது, மகள் இப்பிடி. உடன தாய்க்கு அறிவியுங்கோ. நீங்களும் போர்டிங்கை மாத்துங்கோ, உங்கட பேரும் சேர்ந்து கெடும். எங்கட காலத்தில இப்பிடி ஒண்டும் நடக்கேல்ல.


பாலைப்பழம்:

அண்ணா, நான் போர்டிங் மாத்தினால் இரவில அவளுக்குப் பக்கத்தில ஆர் படுக்கிறது? அதுக்குப் பதில் இருந்தால் எழுதுங்கோ. இதே ஒரு பெடியன் செய்தால் ஒரு கிழமை கதைச்சிட்டு அடுத்த கிழமை பொம்பிளை பார்க்கப் போவியள்.


முறிகண்டிக் கச்சான்:

தங்கச்சி, ஊருக்குத் தெரியாமல் எங்க போறது எண்டதுக்கு மட்டும் என்ர அனுபவத்தைச் சொல்லுறன்.

நானும் வன்னிக் கம்பஸ்தான், முடிச்சுக் கொஞ்ச வருசம். ரிப்பீற் பாடங்கள் குவிஞ்சு கிடந்த நேரம். வீட்டில அம்மா குழுக்கடன் எடுத்து, கட்ட ஏலாமல் கிழமைக்கு ஒருக்கா கடன்காரர் படலையில. அந்த நேரம் ட்ரெயினிங்குக்குக் கொழும்பு போய் இருந்தனான். அங்க ஒரு இரவு, தண்ணியடிச்சிட்டு, பாதுகாப்பில்லாமல். அதைப் பற்றி இதுக்கு மேல சொல்லத் தேவையில்லை.

அதுக்குப் பிறகு எனக்கு எயிட்ஸ்தான் எண்டு மனசில விழுந்திட்டுது. வாய்க்குள்ள ஒரு சின்னப் புண் வந்தால் அது. காய்ச்சல் எண்டால் அது. கழுத்தில நெறி கட்டியிருக்கோ எண்டு தடவித் தடவியே தோல் சிவந்து போச்சு. இரவு முழுக்க கூகிள். வவுனியாவில போகப் பயந்து அனுராதபுரத்துக்குப் பஸ் ஏறினன். எங்கட ஆக்கள் அங்க இருக்கமாட்டினம் எண்ட நினைப்பு. சிங்களம் அரைகுறைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில எஸ்.ரி.டி கிளினிக், அதாவது பாலியல் நோய்க் கிளினிக், தனியா இருக்கு. கடிதம் தேவையில்லை, காசு இல்லை. என்ர பேரை ஆரும் சத்தமாக் கூப்பிடேல்ல, இலக்கம்தான். தனி அறையில ஒரு டொக்டர் கேட்டா, நான் சொன்னன். முகத்தில ஒரு மாற்றமும் இல்லை. நாளுக்கு எத்தினை பேரிட்டை இதே கதையைக் கேக்கிறாவோ.

ரத்தத்தில ஒண்டும் இல்லை எண்டு வந்திச்சு. மூண்டு மாசம் கழிச்சுத் திரும்பச் செய்தும் ஒண்டும் இல்லை. எனக்கு நம்பிக்கை வரேல்ல, மெசின் பிழையாக்கும் எண்டு தனியார் லாப்பில செய்தன். திரும்பவும் அந்தக் கிளினிக்குக்கே போனாப் பிறகுதான் அந்த டொக்டர் ரிப்போட்டை மூடி வச்சிட்டு "நித்திரை எப்பிடி?" எண்டு கேட்டா. அதே ஆஸ்பத்திரியில மனநலக் கிளினிக்குக்குத் துண்டு தந்தா. ஃபுளுவொக்ஸற்றின் எண்டு ஒரு குளுசை. முதல் ரெண்டு கிழமை வயித்தைப் பிரட்டினதைத் தவிர வேற மாற்றமே தெரியேல்ல, விடுவம் எண்டுதான் இருந்தனான். பிறகு ஒருநாள் விடியப் பஸ்ஸில சன்னல் பக்கம் இருந்து வரேக்க, கழுத்தைத் தடவாமல் மாங்குளம் வரைக்கும் வந்திட்டன் எண்டு விளங்கிச்சு. குளுசையால சிலருக்கு உடல் ஆசை குறையும், அதை டொக்டரிட்டைச் சொல்லலாம், மாத்தித் தருவினம். வெக்கப்பட்டுக் குளுசையை நிப்பாட்டிறவை கனபேர்.

உங்கட தோழிக்கு என்ர மாதிரிப் பயம் கூடிப் போகேல்ல, பயமே இல்லாமல் போச்சு. ரெண்டும் ஒரே இடத்திலதான் துவங்குது போல எனக்குப் படுது.


மிட்வைஃப் அன்ரி:

பிள்ளை பாலைப்பழம், நான் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் எல்லாம் குடும்பநல உத்தியோகத்தரா வேலை செய்து இப்ப பென்சன். மரத்துக்குக் கீழயும் பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறன், ஒண்டுக்கும் முகம் சுளிக்கமாட்டன். வடிவாக் கேள்.

முதல் ஒரு கேள்வி. அவள் நித்திரை இல்லாமல் களைச்சுக் கிடக்கிறாளா, இல்லாட்டி நித்திரையே தேவையில்லாத மாதிரித் துள்ளித் திரியிறாளா? வேகவேகமாக் கதைச்சு, காசை அள்ளி இறைச்சு, தான் பெரிய ஆள் எண்டு நினைச்சு, அதோட ஆம்பிளையளோட போறதும் எண்டால் அது வேற வருத்தம், மனம் மேல ஏறிற பக்கம். அதுக்கு மனச்சோர்வுக் குளுசையை மட்டும் குடுத்தால் சிலவேளை கூடிப் போகும். அதால டொக்டரிட்டைப் போகேக்க "காதல் முறிஞ்சது" எண்டு மட்டும் சொல்லாமல் இந்த விவரத்தையும் சொல்லச் சொல்லு. இன்னொண்டு, பியரோட நிக்குதா, ஐஸ் போதை மாதிரி வேற ஏதும் பாவிக்கிறாளா எண்டதும் பார். இப்ப எங்கட பக்கமும் அது வந்திட்டுது.

மனசா உடம்பா எண்டு கேட்டாய். ரெண்டையும் ஒரே கிழமையில. உடம்புக்கு மணிக்கணக்கு இருக்கு, அதுதான் காரணம். பாதுகாப்பில்லாமல் நடந்து 72 மணித்தியாலத்துக்குள்ள போனால் எச்.ஐ.வி தொத்தாமல் தடுக்கிற மருந்து இருக்கு, 28 நாள் விடாமல் எடுக்கவேணும். எவ்வளவுக்குக் கெதியாப் போறமோ அவ்வளவுக்கு நல்லம். போஸ்ரினோரும் 72 மணித்தியாலத்துக்குள்ள, முதல் நாளே போட்டால் கூடப் பலன். போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தால் திரும்பப் போடவேணும். அது தங்கின கருவைக் கலைக்காது, நோயையும் தடுக்காது. மாசத்துக்கு ரெண்டு தரம் போடுறவைக்கு அது ஒழுங்கான முறையே இல்லை. மூண்டு மாச ஊசி, அஞ்சு வருசம் கையில வைக்கிற குச்சி எல்லாம் இதை விட எத்தினையோ மடங்கு பலன். ஆனால் நோய்க்கு ஆணுறை மட்டும்தான். அதுக்குத் தேங்காயெண்ணெய், வசலின் பூசப்படாது, ரப்பர் நைஞ்சு கிழியும். இதை ஆரும் உங்களுக்குச் சொல்லித் தாறேல்ல எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டால் பள்ளிக்கூடத்தில அந்தப் பாடத்தை "வீட்டில வாசியுங்கோ" எண்டு விட்டிட்டுப் போறவை.

கடைசியா நடந்து மூண்டு கிழமை ஆகியிருந்தால் சலத்தில கர்ப்பம் பார்க்கலாம், அதுக்கான சோதனைக் குச்சியைப் பாமசியில வாங்கலாம். அதை முதல் பார். எச்.ஐ.வி எண்டு எல்லாரும் நடுங்கிறீங்கள், எனக்கு அதை விடக் கூடப் பயம் அந்த நாள் தள்ளிப் போறதுதான். இலங்கையில தாயின்ர உயிரைக் காப்பாத்திறதுக்கு மட்டும்தான் கருவைக் கலைக்கலாம், 1883ஆம் ஆண்டுச் சட்டம் இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. அதால பிள்ளையள் ஒளிச்சு மறைச்சுக் குளுசை வாங்கிக் குடிச்சு ரத்தம் போய் வாறது. அப்பிடி ஒண்டு நடந்து காய்ச்சல், ரத்தப்போக்கு, வயித்துக் குத்து எண்டால் ஒரு நிமிசமும் யோசியாமல் ஆஸ்பத்திரி, 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் வரும். வைத்தியம் செய்வினம். வெக்கத்தில அறைக்குள்ள கிடந்து செத்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறன்.

மற்ற நோயள் கனக்கப் பெண்களுக்குக் குணம் காட்டாது. வெட்டை (கொனோரியா), கிளமிடியா உள்ளுக்க கிடந்து கருக்குழாயை அடைச்சுப் போடும், கலியாணம் கட்டிப் பிள்ளை இல்லை எண்டு அழேக்கதான் தெரியவரும். சிபிலிசுக்குப் பெனிசிலின் ஊசி, மாறிடும். எச்.ஐ.விக்கும் இப்ப மருந்து இலவசம், ஒழுங்கா எடுத்துக் கிருமி காணேலாத அளவுக்குக் குறைஞ்சால் துணைக்கும் பரவாது. அதால ஒண்டும் உலகம் முடிஞ்ச கதை இல்லை.

எங்க போறது எண்டால், எங்களிட்டை வரச் சொல்லமாட்டன். எங்கட பதிவேடு எல்லாம் குடும்பங்களுக்கு. கட்டாத பிள்ளை வந்தால் சில மிஸ்மார் தாங்களே தடுமாறிப் போவினம், சிலர் புத்தி சொல்லத் துவங்குவினம். கச்சான் தம்பி சொன்ன எஸ்.ரி.டி கிளினிக்தான் சரி. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிலயும் இருக்கு, எங்கட மாவட்ட ஆஸ்பத்திரியளிலயும் இருக்கு. உனக்குப் பயம் எண்டால் பக்கத்து மாவட்டத்துக்குப் போ, அவ்வளவுதான். கிளிநொச்சிப் பிள்ளை வவுனியாவுக்கு, வவுனியாப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கு. வன்னியில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் எண்டது உண்மை, ஆனால் ஒரு பஸ் தூரம் போனால் அந்த உண்மை பாதி குறைஞ்சிடும்.

அந்தப் பாமசிக்காரனுக்கு ஒரு சொல்: 16 வயசு தாண்டின பிள்ளை கலியாணம் கட்டினதோ இல்லையோ எண்டு கேக்க அவனுக்கு ஒரு உரிமையும் இல்லை.


பாலைப்பழம்:

அன்ரி, ஒரு மூச்சில வாசிச்சன். அழுதிட்டன்.

துள்ளித் திரியேல்ல. களைச்சுத்தான் கிடக்கிறாள், படி ஏறவே இருந்து இருந்து ஏறுறாள். காசும் செலவழிக்கேல்ல, மகாபொல உதவிப்பணம் வந்தால் அம்மாவுக்கு அனுப்பிடுவாள். ஐஸ் இல்லை, நான் தேடிப் பார்த்தன். கடைசியா நடந்தது நாலைஞ்சு கிழமைக்கு முதல், அதால 72 மணித்தியாலம் எல்லாம் போச்சு. நேற்று அந்தக் குச்சியால பார்த்தம், ஒற்றைக் கோடு, கர்ப்பம் இல்லை. அவளே தானாச் சலம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் ஒரு காரியத்துக்கு எழும்பினதைப் பார்த்துக் கனகாலம்.

ஆனால் இன்னொரு விசயம் சொன்னாள். அதில ஒருத்தன் படம் வச்சிருக்கிறானாம். திரும்ப வராட்டி பட்ச் குறூப்பில போடுவன் எண்டு மிரட்டுறானாம். அதுதான் சில நாள் போனதாம், விருப்பத்தில இல்லை. இதைக் கேட்டதில இருந்து எனக்கும் கை நடுங்குது. பொலிசுக்குப் போனால் முதல் அவளைத்தான் கேப்பினம் எண்டு சொல்லுறாள்.


கனகராயன்:

இந்த இழையைச் சில நாட்களாக வாசித்து வருகிறேன். வன்னியில் உளசமூகப் பணியில் பல வருடங்களாக இருப்பவன். பெயர் வேண்டாம்.

முதலில் அந்தப் படம். மிரட்டலுக்குப் பயந்து போனது சம்மதம் ஆகாது. அதை அவளுக்கு நேராகவே சொல்லுங்கள், ஏனென்றால் "நானே போனேன்" என்றுதான் அவள் தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பாள். அவன் அனுப்பிய எதையும் அழிக்க வேண்டாம். தேதி, நேரம், அவனுடைய கணக்கின் பெயர், இலக்கம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்சொட் எடுத்து உங்கள் ஃபோனிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பான். படத்தின் பிரதி அவளிடம் இருந்தால், 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு "ஸ்ரொப் என்.சி.ஐ.ஐ" என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் அவளுடைய ஃபோனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்ரகிராம் போன்றவை அந்தப் படத்தை ஏற்ற விடாமல் தடுக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகள் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனம் உண்டு, அது வேறு கதை. தனிப்பட்ட படத்தைப் பரப்பித் துன்புறுத்துவதற்கு எதிராக அதைப் பயன்படுத்தலாம். நேரே பொலிஸ் வாசலுக்குப் போகத் தயங்கினால் முதலில் 1938, பெண்களுக்கான உதவி இலக்கம். அல்லது பெரிய வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு சிறிய அறை இருக்கும், சிங்களத்தில் "மிதுரு பியச". வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கானது. முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதை அங்கே இருந்து பேசித் தீர்மானிக்கலாம்.

இனி, "நாப்பது வயசு வரைக்கும் இருக்கப் போறனே" என்ற அந்த ஒரு வரி. மற்ற எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். ஆணுறை, ஊசி, பரிசோதனை எல்லாமே நாளைக்கு நான் இருப்பேன் என்று நம்புகிறவர்களுக்கான சாமான்கள். அந்த நம்பிக்கை போனவளிடம் எச்.ஐ.வி பற்றி எவ்வளவு சொன்னாலும் ஏறாது, நீங்களே அதைக் கண்டீர்கள். மனச்சோர்வில் பலருக்கு உடல் ஆசை குறைந்துதான் போகும். அப்படியிருந்தும் போகிறவர்கள் இரவில் தனியாக விழித்திருப்பதைத் தாங்க முடியாமல் போகிறார்கள், அல்லது தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் போகிறார்கள். ஆகவே அவளைத் திருத்தப் பார்க்க வேண்டாம், அவளுடைய இரவைக் குறையுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு வேலை, சமையல், சும்மா றோட்டு வரை ஒரு நடை, எதுவாக இருந்தாலும் சரி.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேளுங்கள். நேராக, அந்தச் சொல்லைச் சொல்லியே. கேட்டால் தூண்டிவிட்டதாகப் போய்விடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுகிறவர்கள்தான் அதிகம். "செத்தால் நல்லம்" என்பதும் "எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறேன்" என்பதும் வேறு வேறு. இரண்டாவது என்றால் அவளைத் தனியே விட வேண்டாம், அறையில் இருக்கும் மாத்திரைகளை நீங்கள் எடுத்து வையுங்கள், அன்றே வைத்தியசாலை. இரவு இரண்டு மணி என்றாலும் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். ஒன்றையும் மறக்க வேண்டாம்: தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வழக்குப் போடுவார்கள் என்று இன்னும் எங்கள் ஊர்களில் நினைத்து மறைக்கிறார்கள்.

அப்பாவின் கதையை எழுதியிருக்கிறீர்கள். வன்னிப் பிள்ளை என்றவுடன் எல்லாவற்றையும் கொண்டுபோய் 2009இல் கட்டிவிடுவது எங்கள் துறையில் உள்ளவர்களுக்கும் ஒரு பழக்கம். காலியிலோ குருநாகலிலோ இருந்து வந்த பிள்ளைக்கும் காதல் முறியும், நித்திரை கெடும். ஆனாலும் விடை சொல்லாமல் ஒருவர் இல்லாமல் போவது இவளுக்கு இது முதல் தடவை அல்ல, அது ஒரு பக்கம் இருக்கலாம். இது என் ஊகம். அவளிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம். அவளாகச் சொல்லும் நாளில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் சரி.

தாய்க்கு அறிவிப்பது பற்றி: அவளுக்கு 23 வயது. உயிராபத்து என்றால் தவிர, அவள் சம்மதிக்காமல் யாருக்கும் சொல்ல வேண்டாம்.


மிட்வைஃப் அன்ரி:

கனகராயன் தம்பி சொன்னதில கடைசி வரிக்கு மட்டும் நான் ஓம் இல்லை. புத்தகத்துக்கு அது சரி. ஆனால் இந்தத் தாய்மாரை எனக்குத் தெரியும். வெயிலிலயும் மழையிலயும் வருசக்கணக்கா அந்தக் கொட்டிலில இருக்கிறவை ஒரு செய்தியில விழுந்து போகமாட்டினம். ஆம்பிளையள் விசயத்தைச் சொல்லத் தேவையில்லை. "பிள்ளைக்கு நித்திரை இல்லை, சாப்பிடுறாள் இல்லை, டொக்டரிட்டைக் காட்டப் போறம்" எண்டு மட்டும் சொன்னால் அந்த மனுசி விடியப் பஸ்ஸில மரக்கறியும் மீனும் கட்டிக்கொண்டு வந்து நிக்கும். அவளுக்கும் ஒரு மடி கிடைக்கும்.


கனகராயன்:

அம்மா, நீங்கள் சொல்வது பல வீடுகளில் உண்மையாக இருக்கும். சில வீடுகளில் அதே பஸ்ஸில் மாமாமார் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்க் கலியாணம் பேசிய கதைகளையும் நான் பார்த்திருக்கிறேன். இது எந்த வீடு என்று அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவளைக் கேட்கச் சொல்கிறேன்.


பாலைப்பழம்:

கேட்டன். ரெண்டையும் கேட்டன்.

தற்கொலை எண்டு அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டன், எனக்கு வியர்த்துப் போச்சு. ஃபானைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு சொன்னாள், காலமையில எழும்பாமல் விட்டால் நல்லம் எண்டு நினைக்கிறதாம், ஆனால் ஒண்டும் செய்ய யோசிக்கேல்லையாம், அம்மா இருக்கிறபடியால். குளுசைப் பையை நான் எடுத்து என்ர சூட்கேசுக்குள்ள வச்சுப் பூட்டினதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒண்டும் சொல்லேல்ல. அம்மாவுக்கு இப்ப வேண்டாமாம். "கிளினிக் போய் வந்தாப் பிறகு நானே எடுத்துச் சொல்லுறன், நித்திரைக் கதை மட்டும்" எண்டாள். அன்ரி, உங்கட பதிலைத்தான் வாசிச்சுக் காட்டினனான்.

அவன்ர மெசேஜ் எல்லாம் ஸ்கிரீன்சொட் எடுத்தாச்சு. 1938க்கும் எடுத்தம், முதல் லைன் கிடைக்கேல்ல, பின்னேரம் கிடைச்சுது. தமிழில கதைச்சவ. முறைப்பாடு குடுக்கிறதா எண்டு அவள் இன்னும் முடிவெடுக்கேல்ல. நான் தள்ளேல்ல.

செவ்வாய்க்கிழமை லெக்சர் இல்லை. பக்கத்து மாவட்டத்துக்குத்தான் போறம், எந்தப் பக்கம் எண்டு சொல்லமாட்டன். முதல் எஸ்.ரி.டி கிளினிக், அது முடிய அதே ஆஸ்பத்திரியில மனநலக் கிளினிக். ரெண்டுக்கும் ஒரே நாளில போகலாமா? ரத்தம் எடுக்கச் சாப்பிடாமல் போகவேணுமா? அவளுக்கு அண்டைக்கு மாசச்சுகயீனமா இருக்கலாம், அது பிரச்சினையா? நானும் உள்ளுக்குப் போகலாமா? அந்த டொக்டர் பொம்பிளையா இல்லாட்டி என்ன செய்யிறது?


மிட்வைஃப் அன்ரி:

இந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ, அவள் தலைசுத்தி விழுந்தால் உனக்குத்தான் பாடு. மாசச்சுகயீனம் எண்டால் ரத்தம் எடுக்கலாம், உள்ளுக்குப் பார்த்துச் சோதிக்கிறதை மட்டும் இன்னொரு நாளைக்குத் தள்ளுவினம். அதுக்காகப் பயணத்தைத் தள்ளாதை. மூண்டு மாசம் கழிச்சுத் திரும்ப ரத்தம் பார்க்கவேணும், அந்தத் திகதியை உன்ர ஃபோனில போட்டு வை, அவளின்ரதில வேண்டாம், அவள் அழிச்சுப் போடுவாள்.

மனநலக் கிளினிக் எல்லா நாளும் இருக்காது. முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்துக் கேள். நாள் பொருந்தாட்டி ஓ.பி.டியில "நித்திரை இல்லை, வாழ விருப்பம் இல்லாத மாதிரி இருக்கு" எண்டு சொன்னால் அங்க அனுப்புவினம். உள்ளுக்கு அவளைத் தனியத்தான் கூப்பிடுவினம், சில கேள்வியை உனக்கு முன்னால அவள் சொல்லமாட்டாள், அதால நீ வாங்கிலில இரு. ஆம்பிளை டொக்டர் எண்டால் நேர்ஸ் ஒராள் பக்கத்தில நிக்கவேணும் எண்டு அவள் கேக்கலாம், அது அவளின்ர உரிமை.


முறிகண்டிக் கச்சான்:

வெள்ளணப் போங்கோ, எட்டு மணிக்கு முதல். ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கோ, கனநேரம் இருக்கவேண்டி வரும். இலக்கத் துண்டைத் துலைச்சுப்போடாதேங்கோ, அடுத்த தரம் அதைத்தான் கேப்பினம்.